வலிக்காத கால்தான் எனக்குக் கவலை

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 54 வயது. கடலூர் முதுநகரில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். ஒன்பது வருஷமாகச் சுகர், பி.பி.யும் உண்டு. போன மாதம் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1. சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு கலந்த மாத்திரை காலையும் இரவும், பி.பி.க்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் கலந்தது காலையில் ஒன்று. மருமகளுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது நல்லபடியாகப் பிறந்தால் வேளாங்கண்ணிக்குச் செருப்பில்லாமல் நடந்து வருகிறேன் என்று மாதாவிடம் பொருத்தனை வைத்தேன். பிப்ரவரியில் பேரன் பிறந்துவிட்டான். எங்கள் தெருவிலிருந்து வருஷா வருஷம் நாற்பது பேர் சின்னத் தேரை இழுத்துக்கொண்டு போவார்கள். ஆகஸ்ட் 24 விடியற்காலை கிளம்பி 28 இரவுக்குள் போய்ச் சேர்ந்து, 29ஆம் தேதி கொடியேற்றம் பார்ப்பது திட்டம். வீட்டுக்காரர் பஸ்ஸில் போகலாம் என்கிறார். மகன், ‘நீ சிதம்பரத்தையே தாண்ட மாட்ட’ என்கிறான். எனக்குக் கால்வலி என்று வந்ததே இல்லை, அதனால் பயமில்லை. இருந்தாலும் ஒரு வார்த்தை உங்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். நான் நடக்கலாமா? எப்படித் தயாராவது? என்னென்ன எடுத்துப் போவது?

பதில்: அம்மா, பேரனுக்கு என் ஆசி. மகன் சொன்னதை மனதில் வைக்காதீர்கள். சிதம்பரத்தைத் தாண்டுவது அவ்வளவு பெரிய காரியமில்லை. முதுநகரிலிருந்து முதல் இரண்டு நாளில் தாண்டிவிடலாம். என்னை உறுத்துவது உங்கள் கடிதத்தில் நீங்களே பெருமையாக எழுதியிருக்கும் வரிதான். ‘கால்வலி என்று வந்ததே இல்லை.’ ஒன்பது வருஷம் சுகர் இருப்பவர் இதைச் சொன்னால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘செருப்பைக் கழற்றுங்கள், பார்ப்போம்’ என்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு செப்டம்பரில், வேளாங்கண்ணிக்கு நடந்து போய்த் திரும்பிய ஒருவர் காய்ச்சல் என்று வந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். இருமல் இல்லை, சளி இல்லை, சிறுநீர் எரிச்சல் இல்லை. மலேரியாவா, டெங்குவா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அறைக்குள் லேசாக ஒரு வாடை. காலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். வலது கட்டைவிரலுக்குக் கீழே, பாதத்தின் மேடான இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறிப் போயிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், வந்தது, வந்துகொண்டே இருந்தது: ஒரு அங்குல நீளத்துக்குச் சீமைக்கருவேல முள். அவர் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது எப்ப சார் ஏறுச்சு?’ என்று கேட்டார். மூன்று நாளோ நான்கு நாளோ அந்த முள்ளின் மேலேயே நடந்திருக்கிறார். கடைசியில் அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

சர்க்கரை பல வருஷம் ரத்தத்தில் கூடுதலாக இருந்தால் நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும். உடம்பிலேயே நீளமான நரம்பு கால் விரல்வரை போவது. சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு என்று தெரியவரும். வேறு சிலருக்குச் சத்தமே இல்லாமல் மரத்துப் போகும். அவர்கள்தான் ‘எனக்குக் கால்வலியே கிடையாது’ என்பார்கள். உங்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே நல்ல காலாகவும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பார்ப்பதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை இருக்கிறது, மோனோஃபிலமென்ட் என்போம். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது. கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் பல இடங்களில் அதை வைத்து அழுத்துவோம். தெரிந்தால் ‘ம்’ என்று சொல்ல வேண்டும். அப்புறம் தட்டினால் அதிரும் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) ஒன்றைக் கட்டைவிரல் எலும்பில் வைப்போம். காலில் நாடித் துடிப்பு கிடைக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம். ஐந்து நிமிட வேலை. அதோடு ஒரு ஈ.சி.ஜி., சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், கண்ணின் பின்பக்கப் பரிசோதனை ஆகியவற்றையும் முடித்துவிடுங்கள். மாடி ஏறும்போது நெஞ்சு அடைக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 8.1 என்பதற்காக மட்டும் நடக்கக் கூடாது என்று தடுக்க மாட்டேன். பத்து வாரம் ஒழுங்காக நடந்தால் அதுவே கொஞ்சம் இறங்கும்.

உணர்ச்சி நன்றாக இருந்தால் போய் வாருங்கள் என்பதுதான் என் பதில். பாதத்தில் ஓரிரு இடம் மரத்திருந்தாலும் 140 கிலோமீட்டர் முழுவதையும் நடக்க அனுப்ப மாட்டேன். அப்படியென்றால் தேரோடு வரும் வண்டியில் காரைக்கால் வரை போங்கள், அங்கிருந்து கூட்டத்தோடு நடங்கள். அதுவும் ஷூவோடு. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சரி, இப்போது செருப்பில்லாத பொருத்தனை. இதில் என் நிலைப்பாடு கறாரானது. பரிசோதனை முடிவு எப்படி இருந்தாலும், சுகர் உள்ளவர் அந்தச் சாலையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. ஆகஸ்ட் கடைசியில் நம் பக்கம் வெயில் 35 டிகிரி அடித்தால் தார் மத்தியானம் 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நல்ல உணர்ச்சி உள்ள காலே கொப்பளித்துப் போகும். ஓரத்தில் இறங்கினால் பாட்டில் சில்லு, ஜல்லி, முள். நாலுவழிச் சாலை வந்த பிறகு பழைய புளியமர நிழலும் பெரும்பாலும் போய்விட்டது.

ஆனால் பொருத்தனையை மீறிவிட்டோமே என்ற உறுத்தலோடு நீங்கள் நடக்கவும் கூடாது. மருத்துவர் இதில் தலையிடலாமா என்றால், இதற்கு உங்கள் பங்குத்தந்தையிடமே வழி இருக்கிறது. தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து விடுவிக்கவும், அதை வேறொன்றாக மாற்றித் தரவும் திருச்சபைச் சட்டம் பங்குத்தந்தைக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. நேரில் போய்ச் சொல்லுங்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுண்டு: வழி முழுக்க ஷூவோடு நடந்துவிட்டு, வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தபின், பொழுது சாய்ந்து மணல் குளிர்ந்த நேரத்தில், கோயிலையொட்டிய மணல் பாதையில் மட்டும் வெறுங்காலோடு போவது. உணர்ச்சி சரியாக இருந்தால் மட்டும். கூட ஒருவர் டார்ச் பிடித்துக்கொண்டு வரவேண்டும். முடிந்ததும் காலைக் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாதையில் முட்டிபோட்டுப் போகிறவர்களைப் பார்த்து நீங்களும் முட்டிபோட்டு விடாதீர்கள். முட்டியில் தோல் வழண்டால் சுகர்காரருக்கு ஆற நாளாகும்.

இனி தயாரிப்பு. நீங்கள் எழுதியது ஜூன் நடுவில், கிளம்புவது ஆகஸ்ட் 24. முழுசாகப் பத்து வாரம் இருக்கிறது, நல்ல அவகாசம். உங்கள் கூட்டத்தின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். சுமார் 140 கிலோமீட்டரை ஐந்து நாளில் என்றால் நாளுக்கு 28. மணிக்கு நாலு கிலோமீட்டர் வீதம் ஏழு மணிநேர நடை. நாற்பதாயிரம் அடிக்கு மேல். நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் காலுக்கு இது வேறு உலகம். கூட்டத்தினரிடம் பேசி ஒரு நாள் முன்னதாக, 23ஆம் தேதியே கிளம்ப முடியுமா என்று கேளுங்கள். ஆறு நாள் என்றால் நாளுக்கு 23, 24 கிலோமீட்டராகக் குறையும். அந்த வித்தியாசம் நாலாவது நாள் காலையில்தான் புரியும். நாற்பது பேரில் பாதிப்பேர் மனசுக்குள் இதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள், யாராவது முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம் போதும். விடிவதற்குள் ஆரம்பித்துவிடுங்கள். சில்வர் பீச்சுக்குப் போய் மணலில் நடக்கிறேன் என்று சிலர் சொல்வார்கள். காற்று வாங்கப் போங்கள், பயிற்சிக்கு வேண்டாம். மணலில் குதிகால் புதைந்து பின்னங்கால் தசைநார் இழுபடும். நீங்கள் நடக்கப்போவது தார்ச்சாலை, அதனால் தார்ச்சாலையிலேயே பழகுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் நீள நடை. முதலில் முதுநகரிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் வரை போய்த் திரும்புங்கள். அது சுலபமானதும் தெற்கே திரும்பி, சிப்காட் வழியாகச் சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கம் வரை நடந்து, அங்கிருந்து பஸ் ஏறி வந்துவிடுங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் புதுச்சத்திரம் வரை. இதில் இன்னொரு லாபம்: முதல் நாள் பாதை உங்களுக்கு அத்துப்படியாகிவிடும். எந்த இடத்தில் டீக்கடை, எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தம், எங்கே சாலையோரம் குறுகுகிறது எல்லாம் தெரிந்துவிடும்.

பலரும் செய்யாத ஒன்று இருக்கிறது. ஒரு நாள் நீளமாக நடந்துவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வார்கள். யாத்திரையில் மறுநாளும் நடக்க வேண்டுமே! ஆகஸ்டில் இரண்டு முறையாவது சனிக்கிழமை 15 கிலோமீட்டர், ஞாயிறு 12 கிலோமீட்டர் என்று அடுத்தடுத்த நாள் நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எது இறுக்கமாக இருக்கிறதோ, முட்டியோ, இடுப்போ, குதிகாலோ, அதுதான் உங்களிடம் பலவீனமான இடம். அதற்கு வைத்தியம் பார்க்க அப்போதும் நேரமிருக்கும். கடைசிப் பத்து நாள் நடையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மாவரைப்பது, வீடு கழுவுவது என்று இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டாம். மருமகள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஷூ. இதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. படிப்பு முடித்த வருஷம் நண்பர்களோடு நானும் நடந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை வாங்கிய புத்தம்புது ஷூ. வைத்தீஸ்வரன்கோயில் வருவதற்குள் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டன. திருக்கடையூர் தாண்டியதும் ஷூவைக் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு பெட்டிக்கடையில் வாங்கிய ஹவாய் செருப்போடு மீதி வழியை நொண்டினேன். டாக்டர் என்று யாரிடமும் சொல்லவில்லை. நகம் இரண்டும் பின்னாளில் விழுந்து முளைத்தன.

அதனால், ஷூவை இப்போதே வாங்குங்கள். சாயங்காலம் கடைக்குப் போங்கள், அந்நேரம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடையில் இன்னும் வீங்கும். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், விரல்கள் பக்கவாட்டிலும் நெருக்கப்படக் கூடாது. விலை கூடுதலான பிராண்ட் தேவையில்லை. எடை குறைவாக, அடிப்பாகம் மெத்தென்று, குதிகால் வழுக்காமல் பிடித்தால் போதும். புடவைக்கு ஷூவா என்று தெருவில் சிரிப்பார்கள். ஆலப்பாக்கம் வந்ததும் அவர்களே உங்கள் காலைப் பொறாமையாகப் பார்ப்பார்கள். ஹவாய் செருப்பை ராத்திரி தங்குமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கப் போட்டால் வார் இரண்டு விரலுக்கு நடுவே அறுத்துவிடும். தினமும் காலில் மாட்டுவதற்கு முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கல்லோ, ஆணியோ, மடங்கிய துணியோ கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாமல் போகலாம்.

கொப்புளம் மேலே உரசுவதால் மட்டும் வருவதல்ல. ஒவ்வொரு அடிக்கும் மேல்தோல் ஒரு பக்கமும் அடித்தோல் ஒரு பக்கமுமாக இழுபட்டு, நடுவில் பிளந்து நீர் கோத்துக்கொள்கிறது. ஈரத்தோல் சீக்கிரம் இழுபடும். ஆகவே ஈரம்தான் எதிரி. முழுப் பருத்தி சாக்ஸ் வேர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் மேல். மூன்று ஜோடி வைத்துக்கொண்டு, உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் மாற்றி, கழற்றியதைப் பையில் வெளிப்பக்கம் பின் குத்திக் காயவிடுங்கள். வழக்கமாக உரசும் இடத்தில் காலையிலேயே பேப்பர் பிளாஸ்டர் ஒட்டிவிடலாம். எங்காவது சுரீரென்று சூடாகத் தெரிந்தால் ‘அடுத்த பந்தல்ல பாத்துக்கலாம்’ என்று போகாதீர்கள். அங்கேயே உட்காருங்கள், கூட்டம் போனால் போகட்டும். வந்துவிட்ட கொப்புளத்தைச் சேஃப்டி பின் கொண்டு குத்தவோ தோலை உரிக்கவோ வேண்டாம். மற்றவர்களுக்குச் சுத்தமான ஊசியால் ஓரத்தில் நீரை எடுத்துவிட்டு நடக்கலாம் என்று சொல்வோம். சுகர் உள்ளவர் அதை நர்ஸிடமோ டாக்டரிடமோதான் செய்துகொள்ள வேண்டும். தோல் அப்படியே மூடியிருப்பதுதான் நல்ல கட்டு.

பித்தவெடிப்பு பற்றி நீங்கள் எழுதவில்லை. நம் ஊர்ப் பெண்களில் அது இல்லாத குதிகாலை நான் அதிகம் பார்த்ததில்லை. வெடிப்போடு கிளம்பினால் மூன்றாம் நாள் அது ஆழமாகப் பிளக்கும். சாயங்காலம் மழை பெய்து சாலையில் தேங்கும் அழுக்குத் தண்ணீர் அதற்குள் இறங்கும். இன்றிலிருந்தே இரவில் யூரியா கலந்த கிரீமோ வாசலினோ குதிகாலில் தடவிப் பழைய சாக்ஸ் போட்டுப் படுங்கள். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெந்நீரில் காலை ஊறவைப்பது வேண்டவே வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கால் ஆணி இருந்தால் பிளேடால் சீவுவதும் கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டர் ஒட்டுவதும் சுகர்காரருக்கு ஆகாது. அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். நகத்தைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் இப்போதே ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சீட்டில் இரண்டு பெயர் என் கண்ணில் பட்டது. ஒன்று கிளிமிபிரைடு. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது சர்க்கரையை இறக்கும். ஏழு மணிநேரம் நடந்த தசையும் சர்க்கரையை இழுக்கும், நடந்து முடித்த பிறகும் ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் விடியற்காலை நாலு மணிக்கு, நீங்கள் வெறும் வயிற்றோடு கிளம்பும் அந்த நேரத்தில், தாழ்சர்க்கரை வரலாம். சாதாரணமாக வேர்ப்பதும் படபடப்பும் அதைக் காட்டிக்கொடுக்கும். நடக்கும்போது எல்லோருக்கும்தான் வேர்க்கிறது! தலை கிறுகிறுத்தால் வெயில் என்று நினைப்பீர்கள், பேச்சு குளறினால் களைப்பு என்று நினைப்பார்கள். ஆகவே குளுக்கோமீட்டர் கூடவே இருக்க வேண்டும். கிளம்பும் முன், மத்தியானம், படுக்கும் முன் பாருங்கள். சந்தேகம் வந்தால் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறியபின் இரண்டு இட்லியாவது உள்ளே போன பிறகுதான் நடை. கூட வரும் இரண்டு பேருக்கு இதைச் சொல்லிவைத்து, ‘நான் ஏதாவது சம்பந்தமில்லாமல் பேசினால் முதலில் சர்க்கரை கொடு, அப்புறம் கேள்வி கேள்’ என்று பழக்குங்கள். மயங்கிக் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று அந்த ஹைட்ரோகுளோரோதயசைடு. தண்ணீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றுவது அதன் வேலை. வெயிலும் அதே வேலையைத்தான் செய்யும். யாத்திரை நாட்களுக்கு மட்டும் இந்த இரண்டின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஜூலையில் நீள நடை போகும் நாட்களிலேயே அவர் சொன்னபடி செய்து, அளவெடுத்துப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது டாபாக்ளிஃப்லோசின் வகைச் சுகர் மாத்திரை சாப்பிட்டால் அவர்களும் டாக்டரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம். பட்டினியும் வாந்தியும் நீர்ச்சத்துக் குறைவும் அந்த மாத்திரையோடு சேர்ந்தால், சர்க்கரை அதிகமாகக் காட்டாமலேயே ரத்தம் அமிலமாகிவிடும்.

காவி கட்டி விரதம் இருக்கும் வழக்கம் உங்கள் கூட்டத்தில் இருக்கும். கறி, மீன் விடுங்கள், நல்லது. ஒருவேளைச் சாப்பாடு என்பதை மட்டும் ஏற்காதீர்கள். வழிநெடுகப் பந்தல் போட்டு அன்பாக உபசரிப்பார்கள். கேசரி, குளிர்பானம், சர்க்கரை தூக்கலாக டீ, எல்லாவற்றுக்கும் கை நீட்ட வேண்டியதில்லை. நீர்மோர் நல்லது. காலையில் கட்டி மத்தியானம் இரண்டு மணிக்குக் கொடுக்கும் பொட்டலச் சோறு வேண்டாம், கண்ணெதிரில் ஆவி பறக்கும் இட்லி உத்தமம்.

தண்ணீரைப் பற்றிப் பெண்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. சாலையோரம் ஒதுங்க இடமில்லை என்பதால் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம். அதன் பலன் நாகப்பட்டினம் வரும்போது நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும். உங்களுக்குச் சுகர் வேறு. கிளம்புவதற்கு முன்பே கூட்டத்தில் உள்ள பெண்கள் எல்லோரும் சேர்ந்து, எந்தெந்த ஊரில் எந்தக் கோயில், மண்டபம், பங்க் என்று இடத்தைத் தீர்மானித்து, தேர் அங்கே நிற்க வேண்டும் என்று தலைவரிடம் கறாராகச் சொல்லுங்கள். ஆண்கள் தாமாக இதை யோசிக்க மாட்டார்கள். அப்புறம் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நாலைந்து வாய் குடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் வெறும் தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்வதும் தப்பு, ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். நாளுக்கு ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். சரியாக ஒரு லிட்டரில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் இனிப்பு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். சிறுநீர் மஞ்சள் கூடினால் இன்னும் குடியுங்கள். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் நடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விடியற்காலை நாலிலிருந்து ஒன்பது, மாலை நாலரையிலிருந்து எட்டு. நடுவில் நிழலில் படுக்கை. இதுதான் நம் ஊர் வெயிலுக்கு ஒத்த நேரம். இருட்டில் நடக்கும்போது காவித் துணி லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், தேருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு வையுங்கள். தேரோடு சேர்ந்து போகாத நேரத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். கைகோத்து நாலு பேர் வரிசையாக ஜெபமாலை சொல்லிக்கொண்டு போவது அழகாகத்தான் இருக்கும். அதைத் தங்குமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் ஒருவர் தடுமாறி, உளறி, உடம்பு அனலாகக் கொதித்தால், அவரை நிழலுக்கு இழுத்துத் துணியெல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குச் சொல்ல வேண்டும். வண்டி வரட்டும் என்று ஊற்றாமல் நிற்கக் கூடாது.

மருந்துப் பையில் என்ன என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மாத்திரைகள் எட்டு நாளைக்கு, அதில் பாதி உங்கள் பையிலும் பாதி இன்னொருவர் பையிலும். மீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ், ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், பொவிடோன் அயோடின் களிம்பு, பஞ்சுத்துணி, பேப்பர் பிளாஸ்டர், வாசலின், ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி. தொடை உரசலுக்கு வாசலினோடு, உள்பாவாடைக்குக் கீழே முட்டிவரை இறுக்கமான நிக்கர் ஒன்று போட்டுக்கொண்டால் புண்ணே வராது. இதைப் பெண்கள் யாரும் என்னிடம் கேட்பதில்லை, ஆனால் எல்லோரும் அவதிப்படுவது இதில்தான். கண்ணாடி எதற்கு என்றால், ராத்திரி காலைக் கழுவித் துடைத்ததும் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பதற்கு. சிவப்பு, வெடிப்பு, கறுப்புப் புள்ளி எதுவும் இல்லையென்றால்தான் மறுநாள் நடை.

பையில் இருக்கக் கூடாதது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்று மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும், கூட்டத்தில் யாராவது பாக்கெட்டோடு வந்து நீட்டுவார்கள், வழியில் ஊசி போடவும் ஆள் இருக்கும். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில், நீங்கள் போடும் பி.பி. மாத்திரையோடு அது சேர்ந்தால் சிறுநீரகம் ஒரே நாளில் படுத்துவிடும். பாராசிட்டமாலுக்கு அடங்காத வலி வந்தால் அன்று வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்.

திரும்பி வருவது பஸ்ஸில்தான் இருக்கும். காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்காக உட்காரும்போது வீக்கம் கூடும், நடுவில் பஸ் நிற்கும் இடங்களில் எழுந்து நடங்கள். குறைத்த மாத்திரை அளவை எப்போது பழையபடி ஏற்றுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நடை நின்ற மறுநாளே சர்க்கரை ஏறத் தொடங்கும், பேரனுக்கென்று வாங்கி வந்த இனிப்பும் வீட்டில் இருக்கும். கண்ணாடியில் பாதத்தைப் பார்ப்பதை இன்னும் பத்து நாளைக்குத் தொடருங்கள். அந்த முள் காரருக்குக் காய்ச்சல் வந்ததும் வீடு திரும்பிய பிறகுதான்.

ஜூலை முதல் வாரத்துக்குள் காலைக் காட்டிவிடுங்கள், என்னிடமோ அரசு மருத்துவமனையிலோ. வரும்போது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வராதீர்கள். தினமும் போடும் பழைய செருப்பையே போட்டு வாருங்கள். அதன் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.